தகடு சுட்டால் டப்பாவைத் திறக்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்குத் தண்டையார்பேட்டை பாலிஷ் பட்டறையிலிருந்து பதில்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு தெருவில் இருக்கிறது. அப்பாவின் கறுப்பு கார், ஒன்பது வருட வண்டி. வைகாசிக் கடைசியில் தங்கைக்குக் கல்யாணம். பெண் அழைப்புக்கு வாடகை வண்டி வேண்டாம், நம் வண்டிதான் போகணும் என்கிறார் அப்பா. போன ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வாக்கில் தெருவிலேயே நிறுத்தி, வண்டி முழுக்க பாலிஷ் தடவி, காயவிட்டுத் துடைத்தேன். போனட், கூரை, டிக்கி எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பட்டை விழுந்துவிட்டது. ஈரத்துணி போட்டால் மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வருகிறது. இரண்டு மணி நேரம் அழுத்தித் தேய்த்தேன். இப்போது வெயிலில் பார்த்தால் மெல்லிய கோடுகளும் தெரிகின்றன. மண்ணெண்ணெய் போட்டுத் துடை என்கிறார் எதிர்வீட்டுக்காரர். பெயிண்ட் போய்விட்டதா? அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: தம்பி, பெயிண்ட் போகவில்லை. மறுபடி பெயிண்ட் அடிக்கும் வேலையே இல்லை. இரண்டு காலை நேரம் ஒதுக்கினால் உங்கள் கையாலேயே சரிசெய்துவிடலாம். அப்பாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். அது பட்டையைக் கரைக்கிற மாதிரி தெரியும், ஆனால் தன் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதில் தெருத்தூசி ஒட்டும், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கும் ஊறிக் கெடும்.

ஈரத்துணியில் மறைந்து காய்ந்ததும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். பெயிண்டின் மேல் காய்ந்து ஒட்டிக்கொண்ட பாலிஷ்தான் அது. தண்ணீர் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகும், கரையாது. அதனால்தான் தண்ணீர் காய்ந்ததும் பழையபடி வந்து நிற்கிறது.

பாலிஷ் டப்பாவுக்குள் இருப்பது மிக நைஸான தேய்ப்புப் பொடி, அதைச் சுமந்து போக எண்ணெய், தண்ணீர், கரைப்பான். பொடி வேலை செய்ய வேண்டுமென்றால் அது அந்த ஈரத்தில் மிதந்தபடி உருள வேண்டும். கத்திரி வெயிலில் கறுப்புத் தகடு 70 டிகிரி வரை போகும். அதில் தடவியதும் ஈரம் பறந்துவிடுகிறது. மிஞ்சுவது பொடியும் பிசுக்கும். தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கும்போது மாவை ஊற்றினால் கரண்டியோடு இழுபட்டு வருமே, அதே கதைதான். அதற்கு மேல் நீங்கள் தேய்க்கத் தேய்க்க, உலர்ந்த பொடி கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சை, கீறுகிறது. நீங்கள் பார்த்த மெல்லிய கோடுகள் அப்படி வந்தவை. ஆக உங்கள் வண்டியில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது: மேலே காய்ந்த படலம், கீழே லேசான கீறல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எனக்கு இது தெரியவந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2003 மே 31, சனிக்கிழமை. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான நாள். எங்கள் பட்டறையில் ஒரு கருநீல வண்டி நின்றது, ஞாயிறு காலை அதை ஒப்படைக்க வேண்டும். அப்பா சாமான் வாங்கப் புதுப்பேட்டை போயிருந்தார். பகல் ஒரு மணிக்கு நான் போனட்டில் வேக்ஸ், அதாவது பாலிஷுக்கு மேல் போடும் மெழுகுப் பூச்சு, தடவ ஆரம்பித்தேன். வண்டி நிழலில்தானே நிற்கிறது என்ற தைரியம். ஆனால் எங்கள் கூரை தகரம். வெயிலை மறைத்ததே தவிர, சூட்டை அப்படியே கீழே இறக்கிக்கொண்டிருந்தது. முதல் இழுப்பிலேயே துணி நழுவியது, இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. துடைத்த இடமெல்லாம் கறிக்குழம்பில் எண்ணெய் மிதக்குமே, அந்த மாதிரி நிறம் நிறமாகப் பட்டை. நான்கு மணிக்கு அப்பா வந்தார். திட்டவில்லை. என் கையைப் பிடித்துப் புறங்கையைப் போனட் மேல் வைத்து, "எண்ணு" என்றார். ஐந்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன். "உன் கை தாங்காததை பாலிஷ் தாங்குமா?" என்றார். இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டுபோய் வாசல் பூவரச மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். இரவு எட்டு மணிக்கு மேல், ஹேண்ட் லேம்ப் பிடித்துக்கொண்டு, அதே டப்பாவை வைத்தே எல்லாவற்றையும் எடுத்தோம்.

அன்றிலிருந்து புறங்கைதான் எனக்குத் தெர்மாமீட்டர். உள்ளங்கை உழைத்துக் காய்த்துப் போயிருக்கும், சூடு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்து நிதானமாகப் பத்து எண்ண முடிந்தால் மட்டும் டப்பாவைத் திறக்கலாம். போனட்டில் ஒரு இடம், கூரையில் ஒரு இடம், வெயில் பட்ட பக்கத்துக் கதவில் ஒரு இடம் என்று மூன்று இடத்தில் பாருங்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

முந்தின நாள் மாலை வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகாதீர்கள். என்ஜின் சூடு போனட்டை விட்டுப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு முழுக்க நிற்கட்டும். சூடாக இருக்கிறதே என்று பகலில் குளிர்ந்த தண்ணீரை எடுத்து ஊற்றாதீர்கள். கடலோரத் தெருக்களில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. சூட்டில் அது காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும், அப்புறம் அந்த வெள்ளைத் திட்டுக்குத் தனியாக அழ வேண்டும்.

காலை ஐந்தரைக்குத் தொடங்குங்கள். கார் ஷாம்பு போட்டுக் கழுவி, கடைசியாக ஊற்றுவது மட்டுமாவது மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். சொட்டு நிற்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். கதவு இடுக்கு, நம்பர் பிளேட், வைப்பர் அடியில் தண்ணீர் தங்கும். அது பிறகு வழிந்து வந்து வேலையைக் கெடுக்கும், அதனால் கதவுகளை ஒருமுறை திறந்து மூடி அந்த ஓரங்களையும் ஒற்றிவிடுங்கள்.

இப்போது போனில் டார்ச்சைப் போட்டு, தகட்டுக்குச் சாய்வாகப் பிடியுங்கள். பட்டை மேல் விரலால் ஒரு இழுப்பு இழுங்கள். பட்டை கலைந்தால் அது படலம். விரல் போனாலும் கோடு அப்படியே நின்றால் அது கீறல். இந்தச் சோதனையைச் செய்யாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள். படலத்தைக் கீறல் என்று நினைத்து ரப்பிங் காம்பவுண்டு (பாலிஷைவிடக் கடுமையான தேய்ப்புப் பசை) போட்டு, நல்ல கிளியர் கோட்டை இழந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படலத்தை எடுக்க நீங்கள் போட்ட அதே பாலிஷே போதும். நிறைய பேர் இதை நம்ப மாட்டார்கள். காய்ந்த பாலிஷை இளக்குவதற்குப் புது பாலிஷில் உள்ள எண்ணெயும் கரைப்பானும்தான் மிகச் சரியான மருந்து. ஸ்பாஞ்ச் பேடைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள். அதில் பட்டாணி அளவு பாலிஷ் போதும். போனட்டை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி. அழுத்தவே வேண்டாம், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற அழுத்தம். நாலைந்து முறை ஓட்டினால் பழைய வெள்ளை மங்கிப் புதுசோடு கலப்பது தெரியும். அந்த நிமிடமே, காயவிடாமல், மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிடுங்கள். டப்பாவில் காயவிடச் சொல்லியிருந்தாலும், இந்த முதல் சுற்றில் காயவிடாதீர்கள். பின்னாலேயே இன்னொரு சுத்தமான துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

இதற்கும் போகாத அடம்பிடித்த பட்டை ஒன்றிரண்டு இருக்கும். அதற்கு ஐசோபிரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கதவுக்கு உள்பக்க ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நிறம் துணியில் வராவிட்டால் பயமில்லை. தகட்டில் நேராக அடிக்காமல் துணியில் அடித்து, ஒரே திசையில் துடையுங்கள். பக்கத்தில் ஊதுபத்தி, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. சமீபத்தில் பெயிண்ட் அடித்த பாகம் ஏதாவது இருந்தால் அங்கே இதைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆல்கஹால் துடைத்ததும் கோடுகள் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தால் பதறாதீர்கள். அதுவரை பாலிஷ் எண்ணெய் அந்தக் கீறல்களுக்குள் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கண்ணில் உறுத்தாத அளவு என்றால் விட்டுவிடுங்கள், மேலே வேக்ஸ் போடும்போது பாதி மறையும். உறுத்தினால் மறுநாள் காலை ஃபைன் பாலிஷ் போட்டு, மெல்லிய ஃபோம் பேடால் அந்த இடத்தை மட்டும் கையாலேயே ஓட்டலாம்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பனியன், லுங்கிக் கிழிசல், கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் இவை என்ஜினுக்கும் கைக்கும் சரி, கறுப்பு பெயிண்டுக்கு ஆகாது. அதில் இருக்கும் தையல் விளிம்பும் பிளாஸ்டிக் லேபிளும் கீறும். மைக்ரோஃபைபரில் 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணிக்கனம்) வாக்கில் ஐந்து துணி வாங்குங்கள். ஒரு துணியை நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தில் பாலிஷ் ஏறிவிட்டால் அடுத்த முகத்துக்குத் திருப்ப வேண்டும். ஏறிப்போன துணியாலேயே துடைத்துக்கொண்டிருந்தால் எடுத்த பாலிஷையே திரும்பப் பூசுகிறீர்கள் என்று அர்த்தம். வெயிலில் வரும் பட்டையில் ஒரு பங்கு இந்த அழுக்குத் துணியால் வருவது. துவைக்கும்போது வாசனை கண்டிஷனர் ஊற்றாதீர்கள், அது இழைகளில் படிந்து துணி உறிஞ்சுவதை நிறுத்திவிடும். மணல் காற்று அடிக்கும் மொட்டை மாடியில் காயப்போடவும் வேண்டாம்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதும் முக்கியம். உங்கள் தெரு கடலைப் பார்த்து இறங்குவதால் காலை வெயில் நேராகத் தெருவுக்குள் வரும். பக்கத்தில் வடக்கு தெற்காகப் போகும் தெரு எதுவாவது இருந்தால், அதில் கிழக்குப் பக்க வீடுகளை ஒட்டி நிறுத்துங்கள். அந்த வீடுகளின் நிழல் எட்டு எட்டரை வரை உங்களுக்குக் கிடைக்கும். நடுப்பகலில் நிழலைத் தேடிப் பிரயோஜனமில்லை. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து, நின்ற ஆளுக்கு நிழலே விழாது. கத்திரி முழுக்க உச்சி வெயில் கிட்டத்தட்ட அந்த நிலைமையில்தான் இருக்கும்.

அப்படியானால் மாலையில் செய்யலாமே என்று கேட்பீர்கள். உள்ளே அம்பத்தூர் பக்கம் இருப்பவருக்கு நான் சரி என்பேன், உங்களுக்குச் சொல்ல மாட்டேன். கோடையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டி ஊருக்குள் நுழையும். சாயங்காலம் உங்கள் தெருவில் கையை வீசினாலே பிசுபிசுக்கும். அந்த ஈரக்காற்றில் வேக்ஸ் லேசில் காயாது. பத்து நிமிடம் என்று டப்பாவில் போட்டிருக்கிறதே என்று துடைத்தால் அரைகுறையாகக் காய்ந்தது இழுபட்டு எண்ணெய்ப் பட்டை விழும். பகல் பதினொரு மணிக்கு அது அவசரப்பட்டுக் காய்கிறது, மாலை ஆறு மணிக்குக் காயவே மாட்டேன் என்கிறது. பார்வைக்கு இரண்டு பட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். வேக்ஸ் தடவிய இடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால், கோட்டுக்குள் கண்ணாடி மாதிரி சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம். மங்கலாக இழுபட்டால் காத்திருங்கள்.

வேக்ஸ் பற்றிச் சந்தேகம் வரலாம். கார்னாபா என்பது பிரேசில் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு, 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். அப்புறம் ஏன் 70 டிகிரியில் இழுபடுகிறது என்றால், டப்பாவில் அது தனியாக இல்லை. எண்ணெயும் கரைப்பானும் சேர்த்துப் பசையாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பசை அதற்கு ரொம்ப முன்பே இளகிவிடும். தடவும்போது இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு மெல்லிசாகத் தடவுங்கள். தடிமனாகப் போட்டால் பளபளப்பு கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும்.

கல்யாண வண்டி என்பதால் இன்னொன்று. பூ கட்டுகிறவர் டேப்பை நேராக போனட்டில் ஒட்ட வருவார். விடாதீர்கள். நூலிலோ ரிப்பனிலோ கட்டி, போனட் இடுக்கிலும் கதவுக் கைப்பிடியிலும் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். கம்பி வைத்துக் கட்டிய பூச்செண்டு என்றால் அடியில் ஒரு மெத்தென்ற துணி வையுங்கள். பெண்ணை இறக்கிவிட்டுத் திரும்பி வந்ததும் அன்றிரவே பூவை எடுத்துவிட வேண்டும். மறுநாள் வெயிலில் வாடிய சாமந்தி கறை விடும், அதை எடுப்பது பாலிஷ் பட்டையை எடுப்பதைவிடக் கஷ்டம். தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வெள்ளை வண்டியை எண்ணூரில் தினமும் காலையில் உலர்ந்த துணியால் துடைக்கிறேன். ஆனாலும் பாலிஷ் போட்டால் சாம்பல் நிறமாகப் பட்டை வருகிறது. நிழலில்தான் செய்கிறேன்.
(வாசகி, எண்ணூர்)

பதில்: அம்மா, உங்கள் பட்டைக்கு வெயில் காரணமில்லை, அழுக்கு. உங்கள் பக்கத்துத் தூசியில் நிலக்கரிச் சாம்பல் உண்டு. கண்ணுக்கு மாவு மாதிரி தெரிந்தாலும் அது உருகி உறைந்த கண்ணாடித் துகள், அதில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். அதை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். தினசரித் துடைப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். தூசி மேலே கிடப்பதைவிட, நாம் அதைத் தேய்ப்பதால்தான் கெடுதல் அதிகம். வாரம் இரண்டு முறை, முதலில் தண்ணீரை மேலிருந்து வழியவிட்டுத் தூசியை இறக்குங்கள், பிறகு ஷாம்பு. ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும்.

கழுவிக் காய்ந்த தகட்டின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு கவரில் நன்றாகத் தெரியும். கண்டெய்னர் லாரி பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் வெள்ளைப் பெயிண்டில் செம்புள்ளியாகக் குத்திக்கொண்டு நிற்கும். க்ளே பார் என்று களிமண் கட்டி மாதிரி ஒன்று கிடைக்கிறது. ஷாம்புத் தண்ணீரை நிறைய அடித்து, வழுக்கலாக அந்தக் கட்டியை ஓட்டினால் எல்லாம் அதில் ஏறிவிடும். கட்டி கீழே விழுந்துவிட்டால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள், தரை மணல் ஏறியிருக்கும். இதையெல்லாம் செய்த பிறகு போடும் பாலிஷில் சாம்பல் நிறம் வராது.

கேள்வி: பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டு வெள்ளையாகிவிட்டது.
(வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: மென்மையான டூத் பிரஷ், வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீர். சொரசொரப்பின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் அழித்துப் பாருங்கள், வரும். அடுத்த முறை பாலிஷ் போடும் முன் பிளாஸ்டிக் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒரு கடையில் மெஷின் பாலிஷ் போட்டேன். அவர்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால் வண்டி நகர நகர வளைவு வளைவாக ஒளி ஓடுகிறது. ஷாம்பு வாஷ் செய்தும் போகவில்லை. கேட்டால், மறுபடி காம்பவுண்டு அடித்துத் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பார்ப்பதை நாங்கள் ஹாலோகிராம் என்போம். கம்பளிப் பேடும் கடினமான காம்பவுண்டும் போட்டு மெஷினை ஓட்டியபின், அடுத்த கட்டமான ஃபைன் பாலிஷை விட்டுவிட்டால் இப்படித்தான் வரும். கழுவிப் போகாது, ஏனென்றால் அது படலம் இல்லை, பேட் விட்டுப்போன கீறல் வரிசை. டியூப்லைட் வெளிச்சம் பரவலாக விழுவதால் அங்கே தெரியாது. சூரியன் ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம், எதையும் மறைக்காது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அப்பா காலத்தில் அம்பாசடர் டாக்ஸிகளுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தார்கள், கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. ஒரு கோட் மேல் ஒரு கோட் என்று அடித்துக்கொண்டே போவார்கள், காய்ந்ததும் மங்கலாகத்தான் இருக்கும். ரப்பிங் காம்பவுண்டு போட்டு நாள் முழுக்கக் கையால் தேய்த்தால்தான் பளபளப்பே வெளியே வரும். தேய்ப்பதுதான் வேலை, தேய்க்கத் தகுந்த தடிமனும் இருந்தது. அந்தப் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் போகவில்லை. இன்றைய வண்டியில் நிறம் கீழே இருக்கிறது, அதன் மேல் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. பளபளப்பு, வெயில் தாங்குவது எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காம்பவுண்டும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டுப் போகிறது, திரும்பக் கிடைக்காது. வருடத்துக்கு இரண்டு முறை என்று அடித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் போனட் விளிம்பில் வெளுத்துத் திட்டாகத் தெரியும். அதற்குப் பிறகு பெயிண்ட்தான் வழி.

அதனால் கடைக்காரரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "காம்பவுண்டு வேண்டாம், மெல்லிய ஃபோம் பேடில் ஃபைன் பாலிஷ் மட்டும் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். முடிந்ததும் ஆல்கஹால் போட்டுத் துடைத்து, வண்டியை வெளியே எடுத்து வெயிலில் காட்டுங்கள்." ஆல்கஹால் துடைப்பை மறக்காதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் ஹாலோகிராமை ஒன்றிரண்டு வாரம் மறைத்து வைக்கும், மூன்று வாஷில் மறுபடி வெளியே வரும். எண்ணெயைத் துடைத்தபின் வெயிலில் காட்டச் சொன்னால், ஒழுங்காக வேலை தெரிந்தவர் மறுக்க மாட்டார். தடிமன் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் கூரை, போனட், கதவு மூன்றிலும் அளந்து எழுதித் தரச் சொல்லி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யார் மெஷினைத் தூக்கினாலும் அந்தத் தாளை முதலில் காட்டுங்கள்.

கேள்வி: நானே செராமிக் கோட்டிங் வாங்கிப் போட்டேன். கதவில் ஒரு இடத்தில் மட்டும் வானவில் மாதிரி பட்டை. நீங்கள் முன்பு எழுதியபடி அதே பொருளைத் திரும்பத் தடவினால் போகுமா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: போட்டு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் போகும், மேலே கொஞ்சம் தடவி உடனே துடைத்தால் இளகிவரும். நீங்கள் கடிதம் எழுதி, அது என் கைக்கு வருவதற்குள் இறுகிப்போயிருக்கும். செராமிக் என்பது கண்ணாடி மாதிரி இறுகும் பூச்சு. வேக்ஸ் மாதிரி இது இளகாது, ஆல்கஹாலுக்கும் அசையாது. அந்தக் கதவை மட்டும் ஃபைன் பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு, மறுபடி கோட்டிங் போட வேண்டும். இந்த முறை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மட்டும் தடவுங்கள், பக்கத்தில் ஒருவர் டார்ச் பிடித்து நிற்கட்டும். தகட்டில் எண்ணெய் மாதிரி நிறம் ஓடத் தொடங்கியதும் துடைக்க வேண்டும். நம் ஊர் கோடையில் அது டப்பாவில் சொன்னதைவிடச் சீக்கிரம் வந்துவிடும். துடைத்த துணியைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அது காய்ந்ததும் கண்ணாடித்தூள் தடவிய மாதிரி ஆகிவிடும்.